மெத்தை ஜன்னலிலிருந்து மாப்பிள்ளையை அளந்தது

என் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். இதைப் பெருமைக்காகவும் சொல்லவில்லை, குறைப்பட்டுக்கொண்டும் சொல்லவில்லை. ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரில் கல்யாண வயதில் இருந்த ஒரு பெண்ணுக்கு அந்த உயரம் ஏறக்குறைய ஒரு வியாதி. "பொண்ணு படிச்ச பொண்ணுங்க, நல்லாப் பாடுமுங்க, கைவேலையும் தெரியுமுங்க" என்று பேச்சு ஜோராகக் கிளம்பும். நான் காப்பித் தட்டோடு கதவில் குனிந்து நுழைந்ததும் அந்தப் பேச்சு மழையைப் பற்றியதாக மாறிவிடும்.

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு. தெருநாயை விரட்டுவதற்குக்கூட "போங்க" என்று சொல்வோமாம். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. ஒருவரிடம் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக்கூடச் சுற்றிவளைத்துக் கேட்டுவிடலாம். "மாப்பிள்ளை எவ்வளவு உயரம்?" என்று கேட்டால் அவர் குள்ளம் என்று சொன்ன மாதிரி. அதனால் யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணங்களைச் சேர்த்துவைப்பதையே தொழில்போலச் செய்துவந்த ஒரு மூப்பர் இருந்தார். அவர் கொண்டுவந்த எல்லா மாப்பிள்ளைகளும் "நல்ல ஒசரமுங்க".

அப்படி நல்ல உயரமான ஒருவர் ஈரோட்டிலிருந்து வந்தார். உட்கார்ந்திருந்தவரைக்கும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு எழுந்து நின்றார். எழுந்தார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் தலை என் காதுக்குக் கீழே எங்கோ இருந்தது. இரண்டு குடும்பமும் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, இலை போட்டு, கோழிக் குழம்பு ஊற்றி, ரசம் ஊற்றி, பஞ்சு விலை பேசி, போதகரின் பிரசங்கம் பேசி, பொழுது சாயும்வரை ஒருவருக்கொருவர் உபசாரம் செய்துகொண்டார்கள். உயரத்தைப் பற்றி ஒருவர் வாயைத் திறக்கவில்லை. "சொல்லியனுப்பறோமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று அம்மா அழுதாள். அழுது முடித்துவிட்டு ஒரு சட்டம் போட்டாள். "என்ற மக பக்கத்துல நிக்கறவன் ஒரு விரக்கடையாச்சும் ஒசரமா இருக்கோணும். கோயில்ல ஜனங்க முன்னால நிக்கறப்ப யாரும் சிரிக்கக் கூடாது. அதுக்குக் கொறைஞ்சா எத்தனை நல்ல எடமா இருந்தாலும் வேண்டாமுங்க."

எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது. காரணம் வேறு. மிஷன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் முடித்திருந்தேன். கணக்கை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் எங்கள் வகுப்பில் மூன்றே பேர். மதராஸில் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் என்று கணக்கு டீச்சரம்மா சொல்லியிருந்தார். இரண்டு வருஷப் படிப்பு. அப்பாவுக்கு அனுப்ப ஆசை, அம்மாவுக்குக் கல்யாணத்தை முடிக்க ஆசை. ஐந்தடி எட்டு அங்குல மாப்பிள்ளைகள் கோயமுத்தூர் ஜில்லாவில் அரிது என்பதால், என்னுடைய நம்பிக்கையெல்லாம் என் கால்களின் நீளத்தில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மூப்பர் மறுபடியும் வந்தார். பையன் தாராபுரத்துப் பக்கமாம். வால்பாறை மலையில் எஸ்டேட் ரோடு போடும் இடத்தில் ஓவர்சியர் வேலை. "மலைமேல ரோடு அளக்கறவருங்க. தங்கமான கொணமுங்க. நல்ல ஒசரமுங்க" என்றார். அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா, "எத்தனை ஒசரமுங்க?" என்று கேட்க வாயெடுத்து, "இன்னொரு முறுக்கு எடுத்துக்கோங்க" என்று முடித்தாள்.

அன்று சாப்பிடும்போது இதே பேச்சு. பையனை வரச்சொல்லிப் பார்த்து, விருந்து வைத்து, மறுபடியும் அழுவதா? இல்லை, வரச்சொல்லாமலே வேண்டாம் என்பதா? எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கேக்கவே வேண்டியதில்லீங்க அப்பா. அவர் வாசல் கேட்டுல நிக்கறப்ப மெத்தை ஜன்னல்ல இருந்தே அளந்துபோடலாம்" என்றேன். மெத்தை என்றால் எங்கள் பக்கத்தில் மாடி.

சும்மா ஒரு வீம்புக்குத்தான் சொன்னேன். ஆனால் அப்பா மில்லில் ஸ்டோர் கீப்பர். அளக்க முடிந்த எதையும் அளக்காமல் விடுவது பாவம் என்று நினைப்பவர். சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தொடாமயா?"

"தொடாமத்தானுங்க."

"அவருக்குத் தெரியாமயா?"

"தெரியாமத்தானுங்க."

"இதையா பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க?" என்று அம்மா தலையில் கையை வைத்தாள்.

உண்மையில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். புத்தகத்தில் மாப்பிள்ளைக்குப் பதில் கலங்கரை விளக்கமும் கப்பலும் இருந்தன, அவ்வளவுதான். கோயமுத்தூரில் கப்பலுக்கு எங்கே போவது? திரிகோணமிதியில் எனக்குப் பிடித்ததே இதுதான்: கேட்காமல், தொடாமல், கிட்டப் போகாமல் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். ஒரு செங்கோண முக்கோணத்தில் ஒரு பக்கமும் ஒரு கோணமும் தெரிந்தால் மற்ற பக்கம் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்கள் மாதிரி மரியாதைக்காரர்களுக்காகவே யாரோ கண்டுபிடித்த கணக்கு அது.

ஒப்பந்தம் அன்றே ஆனது. மாப்பிள்ளை என்னைவிட உயரம் என்றால் கல்யாணம். குறைவென்றால் நான் மதராஸ் ரயிலேறலாம், அம்மா அழக்கூடாது. அப்பா என்னைப் பார்த்து, "கணக்குல கள்ளத்தனம் பண்ண மாட்டயில்ல, அம்மணி?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் மார்க்குகளை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். ஆனாலும் படுக்கும் முன் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அவரைக் குள்ளமாக அனுப்பும்" என்று ஜெபித்தேன்.

மெத்தை ஜன்னலிலிருந்து கல் கட்டிய கயிறு விட்டுப் பார்த்ததில், நான் குனிந்து பார்க்கும்போது என் கண் தரையிலிருந்து பதினாறு அடி உயரத்தில் இருந்தது. ஜன்னலுக்கு நேர்கீழே சுவரிலிருந்து கேட்டுவரை அப்பா டேப் பிடித்தார், இருபத்துநாலு அடி. இனி வேண்டியது ஒரே கோணம். என் கண்ணிலிருந்து கிடையாக ஒரு கோடு, அதிலிருந்து மாப்பிள்ளையின் உச்சந்தலைக்குச் சரிந்து இறங்கும் ஒரு கோடு. அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம். அதன் டேன்ஜென்டை இருபத்துநாலால் பெருக்கினால், அவர் தலை என் கண்ணுக்கு எத்தனை அடி கீழே இருக்கிறது என்று வந்துவிடும். அதைப் பதினாறில் கழித்தால் மாப்பிள்ளை.

பள்ளிக்கூடத்துக் கோணமானி இதற்கு உதவாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு பாகை தவறினால் மாப்பிள்ளை அரை அடி வளர்ந்துவிடுவார், இல்லை குறைந்துவிடுவார். அதனால் அப்பா மில்லிலிருந்து பெரிய அட்டை கொண்டுவந்தார். இரண்டடி ஆரத்தில் கால்வட்டம் வெட்டி, ஓரத்தில் பாகைகளையும் கால்பாகைகளையும் கோடு போட்டேன். பார்ப்பதற்குக் குழாயாக ஒரு பப்பாளி இலைத் தண்டு. மூலையிலிருந்து நூலில் கொத்தனாரின் தூக்குக்குண்டு. நான் குழாய் வழியாகப் பார்ப்பது, நூல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று அத்தை படித்துச் சொல்வது என்று ஏற்பாடு. அத்தை அப்பாவின் அக்கா. விசேஷம் என்றால் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். அவள் கண்ணாடி போட்டால் பைபிளின் பொடியெழுத்தும் தெரியும்.

ஒத்திகைக்கு அப்பாவைக் கேட்டில் நிறுத்தினோம். அவருடைய உயரம் ஐந்தடி எட்டு என்று எல்லோருக்கும் தெரியும். அவசரத்தில் அட்டவணையில் டேன்ஜென்டுக்குப் பதில் பக்கத்துக் கட்டத்தில் சைனைப் பார்த்துத் தொலைத்தேன். அப்பா ஆறரை அடி வந்தார். கீழே நின்றவர் அதை மறுக்கவே இல்லை. "படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். திருத்திப் போட்டு ஐந்தடி எட்டு என்று சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் கணக்கு வேலை செய்தது. அம்மாகூட இரண்டு தடவை எட்டிப்பார்த்தாள்.

மாப்பிள்ளை ஞாயிறு ஆராதனை முடிந்து மூப்பரோடு வந்தார். நானும் அத்தையும் மெத்தை ஜன்னலில் கதவை ஒரு சாண் திறந்துவைத்துக்கொண்டு, அட்டையை நீட்டித் தயாராக இருந்தோம். அவர் கேட்டில் வந்து நின்றார். நான் குழாயில் கண்ணை வைத்தேன். அவர் தலையில் ஒரு தலைப்பாகை.

கோட்டும் தலைப்பாகையுமாகத்தான் பெண் பார்க்க வருவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததா? அப்பாவே எந்த விசேஷத்துக்கும் தலைப்பாகை இல்லாமல் போகமாட்டார். பதினாறடி, இருபத்துநாலடி, கால்பாகை என்று எல்லாம் யோசித்தோம். தலைமேல் துணி இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, தலைப்பாகையோடாவது அளப்போம் என்றால் அவர் நிமிர்ந்து நின்றால்தானே? "வாங்க, வாங்க" என்று அப்பா கைகூப்ப, "இருக்கட்டுமுங்க" என்று அவர் குனிந்து கும்பிட்டார்.

"நீங்க முன்னால போங்க."

"அய்யோ, பெரியவங்க நீங்க இருக்கறப்பவா? நீங்க போங்க."

"ஊட்டுக்கு வந்தவங்க நீங்க. நீங்கதான் போகோணும்."

ஒவ்வொரு "போங்க"வுக்கும் ஒரு கும்பிடு. ஒவ்வொரு கும்பிடுக்கும் மாப்பிள்ளை முக்காலடி குறைந்து மறுபடி வளர்ந்தார். நூல் ஊஞ்சலாடியது. "எத்தனைங்க அத்தை?" என்று நான் கிசுகிசுத்தால் அத்தை அட்டையை விட்டுவிட்டு ஜன்னல் சந்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "மூக்கு நல்ல மூக்கு, கண்ணு" என்றாள். மூக்குக்கு டேன்ஜென்ட் கிடையாது என்று பல்லைக் கடித்தேன். கடைசியில் அவர் ஒரு நொடி நிமிர்ந்தபோது இருபத்துமூன்று பாகை கிடைத்தது. தலைப்பாகையோடு ஐந்தடி பத்து அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவு.

நானும் அத்தையும் கீழே இறங்கிச் சொன்னதும் அடுப்படியில் வழக்கு தொடங்கியது. தலைப்பாகை இரண்டு அங்குலம் என்றாள் அம்மா. அவளுக்கு ஓவர்சியர் சம்பளம் பிடித்திருந்தது. அப்பாவுடைய தலைப்பாகையே நாலங்குலம் இருக்கும் என்றாள் அத்தை. இரண்டென்றால் எனக்குக் கல்யாணம், நாலென்றால் எனக்கு மதராஸ். "கழட்டச் சொல்லலாமே" என்று அப்பா மெதுவாகச் சொன்னார். வந்தவரைத் தலைப்பாகையைக் கழற்றச் சொல்வதா? அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் தட்டோடு போனேன். அவர் உட்கார்ந்திருந்தார். தட்டை நீட்டியபோது மரியாதைக்கு எழுந்தார், ஆனால் குனிந்தபடியே எழுந்து குனிந்தபடியே உட்கார்ந்துவிட்டார். மலைரோட்டைப் பற்றி அப்பா கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். ஒரு வளைவில் மாட்டுவண்டி ஏற எத்தனை சரிவு இருக்கலாம், அதை எந்தக் கருவி வைத்துப் பார்ப்பது என்றெல்லாம் சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். என்னைக் கேட்டால், அன்று அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான். கேட்கக் கேட்க எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. நான் ஜெபித்த மாதிரி இது போகவில்லை.

விடைபெற்றுக் கிளம்பினார்கள். நானும் அத்தையும் மெத்தைக்கு ஓடினோம். இன்னொரு தடவை நிமிர்ந்தாலாவது பார்க்கலாம் என்று அட்டையை நீட்டினேன். அவசரத்தில் ஒரு முழம் வெளியே நீட்டிவிட்டேன் போலிருக்கிறது. கேட்டில் கும்பிட்டு நிமிர்ந்தவர் மேலே பார்த்தார். கால்வட்ட அட்டை, பப்பாளித் தண்டு, ஆடிக்கொண்டிருக்கும் தூக்குக்குண்டு, குழாய்க்குப் பின்னால் ஒரு கண். தினமும் மலையில் கோணம் பார்க்கிற மனிதருக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

எனக்கு அப்படியே செத்துப்போகலாம் போலிருந்தது. அட்டையை உள்ளே இழுக்கக்கூட கை வரவில்லை.

அவர் மூப்பரிடம், "சித்த இருங்க, வேர்க்குதுங்க" என்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இரண்டு காலையும் சேர்த்து, கேட்டுத் தூணில் முதுகு ஒட்ட, ரோட்டில் நட்ட அளவுக்கம்பு மாதிரி ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எதிர்வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நூல் ஆட்டம் நின்று ஓயும்வரை நின்றார்.

"இருவத்தி மூணரைக்குக் கொஞ்சம் மேல, கண்ணு" என்றாள் அத்தை. இந்தத் தடவை அவள் அட்டையைத்தான் பார்த்தாள்.

அவர் தலைப்பாகையை வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் மேலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்தத் தடவை டேன்ஜென்ட் கட்டத்தை விரல் வைத்துப் பார்த்தேன். பெருக்கினேன், கழித்தேன். ஐந்தடி ஆறு அங்குலம். மறுபடியும் போட்டேன். அதே ஐந்தடி ஆறு. ஜெபம் பலித்திருந்தது; ஓர் அங்குலம் குறைவு. மதராஸ் ரயில் எனக்காக நிற்கிறது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கீழே மூன்று பேரும் காத்திருந்தார்கள். "எத்தனை, அம்மணி?" என்றார் அப்பா.

"அஞ்சடி ஆறு வருதுங்க."

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. "போச்சாது, நம்ம தலையெழுத்து" என்று எழுந்தாள்.

"ஆனா கணக்குல சந்தேகம் இருக்குதுங்க" என்றேன்.

அந்த வார்த்தையை நான் அதற்குமுன் சொன்னதே இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை சந்தேகம்?"

"கால்பாகைக்குள்ள சரியாப் படிக்க முடியாதுங்க. ஒன்றரை அங்குலம் சந்தேகமுங்க."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

அப்பா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். ஆறோடு ஒன்றரை, ஏழரை. பெண்ணைவிட அரை அங்குலம் உயரம். இது பொய்யில்லை, அட்டைமேலும் அத்தைமேலும் ஆணையாக அத்தனையும் கணக்கு. "அப்பறம் இது எப்படித்தான் தீரும்?" என்றார்.

"பெரிய கருவி வேணுமுங்க. நான் ட்ரெயினிங் போய் இன்னும் நல்லாக் கத்துக்கிட்டு வந்து, திரும்ப ஒருக்கா அளந்து பாக்கறனுங்க."

அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. அத்தை வெளிப்படையாகவே சிரித்தாள். அம்மாவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்கிற அளவில் நிம்மதியாக அடுப்படிக்குப் போனாள்.

மூப்பரிடம் அப்பா, "புள்ளைக்குக் கணக்குல ஒரு சந்தேகமுங்க. ரெண்டு வருசம் ஆகுமுங்க" என்று சொல்லியனுப்பினார். மூப்பர் ஒன்றும் புரியாமலே கொண்டுபோய்ச் சேர்த்தார். பதிலையும் அப்படியே புரியாமல் கொண்டுவந்தார்: "இனிமே நான் வளர மாட்டனுங்க. ஆனா எப்ப வேணும்னாலும் வந்து நிக்கறனுங்க."

மதராஸில் இரண்டு வருஷம் படித்தேன். பெரிய பித்தளைக் கருவிகளைக் கண்ணால் பார்த்தேன், தொட்டும் பார்த்தேன். திரும்பி வந்ததும் கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். மறுபடி அளப்பதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கல்யாணத்தன்று அம்மா எனக்குச் செருப்பு வேண்டாம் என்றாள், உச்சியில் பூ வேண்டாம் என்றாள். அவருடைய தலைப்பாகையைத்தான் மலைபோல நம்பியிருந்தாள். கோயில் வாசலில் அவர் அதைக் கழற்றி மூப்பர் கையில் கொடுத்துவிட்டு, வெறுந்தலையோடு நிமிர்ந்து உள்ளே நடந்தார். பின்வரிசையில் அம்மா "அய்யோ" என்றது எனக்கே கேட்டது. பலிபீடத்தின் முன் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கடைக்கண்ணால் பார்த்தேன். சரியாக ஓர் அங்குலம். என் கணக்கில் ஒரு பிசகும் இல்லை.

வெளியே வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். அம்மா கலங்கிய கண்ணோடு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தவர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளை நல்ல ஒசரமுங்க" என்றார். அடுத்தவரும், "ஆமாங்க, நல்ல ஒசரமுங்க" என்றார். கோயில் நிறைய இருந்த ஜனம் ஒருவர் விடாமல் அதையே சொல்லிக்கொண்டு போனது. அம்மாவின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. எங்கள் ஊர் மரியாதையை நான் வாழ்நாளெல்லாம் திட்டியிருக்கிறேன். அன்று ஒருநாள் அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வரிசை கொஞ்சம் ஓய்ந்தபோது அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "சந்தேகம் தீந்துதுங்களா?"

"இல்லீங்க," என்றேன். "இன்னும் கொஞ்ச நாள் கிட்ட நின்னு பாக்கோணுமுங்க."